பதினாறு தடவை கூப்பிட்டாத்தான் எந்திரிக்குமாம்!

வா பேராண்டி, வா. மணி எட்டரை ஆச்சு. இப்பத்தான் கண்ணு தொறந்துச்சா? ஒங்க அப்பத்தா வெள்ளன இருந்து நாலு தடவை கூப்பிட்டுட்டா. திண்ணையில ஒக்காந்து நான் எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன். நாலாவது தடவை மூஞ்சியில தண்ணி தெளிச்சா. நீ அந்தப் பக்கம் பொரண்டு படுத்த. தப்புன்னு சொல்லல ராசா. கடையில கெடக்குற பன்னெண்டு கம்ப்யூட்டரையும் வீட்டுல படுத்துக்கிட்டே எழுப்புற ஆளு நீ. ஒன்னை எழுப்பத்தான் இன்னும் எவனும் ஒண்ணும் கண்டுபிடிக்கல.

ஒக்காரு. சுக்குக்காப்பி ஆறுது. பதினோரு நாளா மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கிட்டுத் திரியிற. ஒங்க அப்பத்தா, புள்ளைக்கு யாரோ கண்ணு வச்சிட்டாகன்னு வேப்பெலைய வச்சிக்கிட்டுச் சுத்துறா. கண்ணும் இல்ல, காத்து கருப்பும் இல்ல. பன்னெண்டு பெட்டியில அஞ்சு பெட்டி எந்திரிக்க மாட்டேங்குது. அதானே ஒன் நோவு? அதைப் பத்தி எனக்கு ஒரு சங்கதி தெரியும். கடைசியில சொல்றேன். மொதல்லயே சொல்லிட்டா கெழவன் பேச்ச எவன் கேப்பான்?

நம்ம போடி எப்பேர்ப்பட்ட ஊரு! ஏலத்தையே ஏலம் போடுற ஊரு. முன்னெல்லாம் வாயால கேப்பாக. ஒருத்தரு கொட்டாவி விட்டாக்கூட அதையும் ஒரு கேள்வின்னு எழுதிருவாகன்னு நாங்க சிரிப்போம். 2007-ல ஸ்பைசஸ் போர்டு கம்ப்யூட்டர் ஏலத்தைக் கொண்டாந்துச்சு. வாயி அடங்கி விரலு பேச ஆரம்பிச்சிருச்சு. 2021-ல அதுக்கும் ஒரு படி மேல போயி, புத்தடியில ஒக்காந்திருக்கிறவரும் போடியில ஒக்காந்திருக்கிறவரும் ஒரே லாட்டை ஒரே நேரத்துல கேக்கலாம்னு ஆக்கிட்டாக. நடுவுல மலையே நிக்குது, வெலைக்கு மட்டும் மலை கெடையாது. 2019 ஆகஸ்ட்ல புத்தடியில ஏலக்கா கிலோ 7,000 ரூபாய்க்குப் போச்சே, ஞாபகமிருக்கா? அந்த மாதிரி நாள்ல கடைக்காரன் பெட்டி தூங்கிக்கிட்டு இருந்தா அவன் பொழப்பும் சேர்ந்துல்ல தூங்கும்!

அதனால ஒன் மொதலாளி சொன்னது நியாயந்தான். காலையில ஏழரைக்கு இருப்புக் கணக்கு, லாரிக் கணக்கு, ஜிஎஸ்டி பில்லு எல்லாம் தயாரா நிக்கணும். ஆளு வந்து சுவிட்சத் தட்டி, அது ஆடி அசைஞ்சு, அப்டேட்டுன்னு அரை மணி நேரம் சக்கரம் சுத்திக்கிட்டு இருக்கக்கூடாதுன்னாரு. நீயும் நெஞ்ச நிமித்திக்கிட்டு, “நான் வீட்டுல இருந்தே எழுப்பிக் காட்டுறேன்”ன.

எப்பிடிடான்னு கேட்டேன். மேஜிக் பாக்கெட்டுன்ன. நான் தேர்க்கடையில விக்கிற வசிய மைப் பொட்டலமாக்கும்னு நெனச்சேன். நீ பொறுமையா வெளக்குன. அதைத்தான் இப்பத் திருப்பிச் சொல்றேன். தப்பா இருந்தா தலையில குட்டு.

1995-ல அமெரிக்காவுல ஏஎம்டி கம்பெனியும் ஹெச்பி கம்பெனியும் சேர்ந்து ஒரு வழி கண்டாக. தூங்குற கம்ப்யூட்டரை வயர் வழியா எழுப்புற வழி. அதுக்கு ஒரு பொட்டலம், மொத்தம் 102 பைட்டு. மொத ஆறு பைட்டும் எஃப்எஃப், எஃப்எஃப், எஃப்எஃப்புன்னு ஒரே மாதிரி. அதாவது ‘ஓய், ஓய், ஓய், ஓய், ஓய், ஓய்!’ அதுக்கடுத்து எந்தப் பெட்டி எந்திரிக்கணுமோ அதோட பேரு. ஒரு தடவை இல்ல, பதினாறு தடவை. பேரு ஒண்ணுக்கு ஆறு பைட்டு. பதினாறு ஆறு தொண்ணூத்தாறு, ஆறு ஓய்யும் சேத்தா நூத்தி ரெண்டு. கணக்கு சரியா?

ஒங்க அப்பத்தா நாலோட விட்டதுதான் தப்பு. ஆறு ஓய்யி போட்டுட்டுப் பதினாறு தடவை பேரைச் சொல்லியிருக்கணும்.

பதினாறு எதுக்குன்னு நான் கேட்டப்ப நீ கொஞ்சம் முழிச்ச. “தாத்தா, வயர்ல ஆயிரம் சங்கதி ஓடும். தற்செயலா அந்தப் பேரு ஒரு தடவை, ரெண்டு தடவை வந்துரலாம். அதுக்கெல்லாம் எந்திரிச்சா பெட்டி தூங்கவே முடியாது. தொடர்ந்து பதினாறு தடவை தற்செயலா வராது”ன்ன. அட, இதை எங்காத்தா எனக்கு அஞ்சு வயசுலயே சொல்லிக் குடுத்தாளேடா! ராத்திரியில வாசல்ல யாராவது பேரைச் சொல்லிக் கூப்பிட்டா மொத தடவையே ‘ஏன்’னு கேக்காத; பேயி ஒரு தடவைதான் கூப்பிடும், மனுசன்தான் மூணு தடவை கூப்பிடுவான்னு. எங்காத்தா மூணோட நிறுத்துனா. வெள்ளைக்காரன் பேய்க்கு ரொம்பப் பயந்தவன் போல, பதினாறு வச்சிட்டான்.

பேரும் லேசுப்பட்ட பேரு இல்ல. மேக் அட்ரஸ்னு பன்னெண்டு எழுத்து. மொதப் பாதி செஞ்ச கம்பெனி, பின்பாதி அதுக்குன்னே வச்ச நம்பரு. மொதப் பாதி குலம், பின்பாதி பேரு. நம்ம பத்திரிகையில போடுற மாதிரியேதான். இவ்வளவு மரியாதையா வம்சத்தோட சேத்து ஒன்னை யாராச்சும் கூப்பிட்டிருக்காகளா?

அந்தப் பொட்டலத்தை ஒருத்தன் கையில குடுக்குறது இல்லையாமே. தெரு முழுக்கக் கத்துறது. எல்லாப் பெட்டியும் கேக்கும், ‘என் பேரு இல்ல’ன்னு மத்தது பொரண்டு படுத்துக்கும், பேருக்கு உரியது மட்டும் எந்திரிக்கும். நியாயம்தான், தூங்குறவனுக்கு விலாசம் கேட்டா சொல்லத் தெரியுமா? கத்தத்தான் வேணும். இன்னொண்ணும் சொன்ன: கேட்ட பெட்டி ‘சரி, எந்திரிச்சிட்டேன்’னு பதில் ஒண்ணும் சொல்லாதாம். கத்திட்டு நாமளா போயிப் பாத்துக்கணும். அதுல அது அப்பிடியே ஒன் சாதி.

இப்ப என் புத்திக்கு எட்டுனதச் சொல்றேன், கேளு.

தூங்குறவன எழுப்பலாம், தூங்குற மாதிரி நடிக்கிறவன எழுப்ப முடியாதும்பாக. எனக்கு அதுல ஒரு கொறை. மூணாவதா ஒருத்தன் இருக்கான், செத்தவன். அவனையும் எழுப்ப முடியாது. ஒரு ஆள எழுப்பப் போறதுக்கு முன்னால அவன் இந்த மூணுல எதுன்னு பாக்கணும். நீ பாக்கல. எடுத்த ஒடனே பொட்டலத்தைத் தூக்கி எறிஞ்சிட்ட. மொத நாளு பன்னெண்டுல மூணு எந்திரிச்சுச்சு. ஒம்பது கெடையாக் கெடந்துச்சு.

அதுல ரெண்டு வயரே இல்லாத வைஃபை பெட்டி. வயர் மாட்டுன பெட்டி தூங்குனாலும் காதத் தொறந்து வச்சிருக்கும். வைஃபை பெட்டியில முக்காவாசி தூங்கும்போது காதையும் மூடிக்கும். வயரை இழுத்து மாட்டுன, எந்திரிச்சிருச்சு. அது தூங்குறவன் கணக்கு.

இன்னொண்ணு நடிக்கிறவன். விண்டோஸ்ல ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்புன்னு ஒரு வேல இருக்காமே. ஷட்டவுன் போட்டா முழுசா அணையாது, பாதி ஞாபகத்த மடிச்சு வச்சிக்கிட்டு அணைஞ்ச மாதிரிக் கெடக்கும். பொட்டலம் வந்தா சில பெட்டி காதுலயே வாங்காது. அதை எடுத்துவிட்ட, சரியாப் போச்சு.

இன்னொண்ணு கஞ்சப் பய. பயாஸ்ல ஈஆர்பின்னு மின்சாரச் சிக்கனத்துக்கு ஒரு திருகாணி. அதை முடுக்கிவிட்டா அணைஞ்ச பெட்டி சொட்டுக் கரண்டு கூடத் தொடாது. சொட்டு இல்லாட்டி காதுக்கு உசுரு எங்கிருந்து வரும்? அதையும் மாத்துன.

இந்தச் சொட்டுக் கதைதான் எனக்கு ரொம்பப் புடிச்சது. கம்ப்யூட்டரை ஷட்டவுன் பண்ணுனாலும் பிளக்குல கரண்டு இருக்குற வரைக்கும், உள்ள இருக்குற பவர் சப்ளை 5 வோல்ட்டை மட்டும் விடாம ஊட்டிக்கிட்டே இருக்குமாம். அந்த அஞ்சு வோல்ட்டுலதான் வயர் மாட்டுற காது முழிச்சிருக்கு. ஒடம்பு பூராத் தூங்கும், காது மட்டும் காவல். சாயங்காலம் கடைப் பக்கம் வந்தப்ப இருட்டுக்குள்ள எட்டிப் பாத்தேன். ஏலக்கா வாசம். பெட்டிக்குப் பின்னால வயர் சொருகுற ஓட்டையில பச்சையா ஒரு பொட்டு வெளக்கு மினுக்கு மினுக்குன்னு. குரங்கணிப் பக்கத்து மின்மினி தப்பி வந்து ஒக்காந்திருச்சோன்னு நெனச்சேன். அதான் காதுன்னு நீ சொன்ன.

பேராண்டி, நான் யாரு? ஏலக்கா ஸ்டோர்ல தீ போட்ட ஆளு. பச்சைக்கா மூட்டை வந்து எறங்குச்சுன்னா தட்டுல பரப்பி, அடுப்புல வெறகப் போட்டு, குழாய் வழியா சூட்ட ஏத்தி, அது ஈரம் வத்தி வர ராத்திரி பகலா ஆகும். 18 மணி நேரம், 24 மணி நேரம். அஞ்சு கிலோ பச்சைக்கா போனா ஒரு கிலோ காஞ்ச காய் வரும். சூடு 50 டிகிரிய ஒட்டி நிக்கணும். ஏறுனா காய் வெடிச்சு வெளுத்துரும், எறங்குனா பச்சை போயிரும். அந்த ஸ்டோர்ல மொதலாளி தூங்குவாரு, கணக்குப்புள்ள தூங்குவாரு, மலையே தூங்கும். தீ போடுறவன் ஒருத்தன் முழிச்சிருப்பான். அந்த ஒருத்தன் கண்ண மூடுனா விடிஞ்சப்ப பச்சைக்கு வெல கேக்க ஆளிருக்காது. அஞ்சு வோல்ட்டுன்னு நீ சொன்னியே, அது நான்தாண்டா. என்ன, எனக்குச் சம்பளம் அஞ்சு வோல்ட்டைவிடக் கம்மி.

மலை மேல இருக்குற ஸ்டோர் பெட்டியையும் எழுப்பப் பாத்தியே, அது எந்திரிச்சுச்சா? இல்ல. ஏன்? பொட்டலம் போடிமெட்டு ஏறல. பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறி மேல போனாலும் செக்போஸ்ட்டுல நிறுத்திருவாக. நெட்வொர்க்குல செக்போஸ்ட்டுக்குப் பேரு ரவுட்டரு. தெருவுல கத்துற சத்தத்த அது அடுத்த ஊருக்கு விடாது.

முந்தி விட்டுக்கிட்டு இருந்துச்சாம். 1998 வாக்குல சில போக்கிரிப் பயலுக ஒரு வேல பண்ணுனானுக: அடுத்தவன் பேரச் சொல்லி அயலூருத் தெருவுல நின்னு கத்துறது, தெருவே தெரண்டு போயி அந்த அடுத்தவன் வாசல்ல பதில் சொல்லும், அவன் மூச்சு முட்டிச் சாவான். ஸ்மர்ஃப்னு அதுக்குப் பேரு வச்சாக. 1999-ல இருந்து செக்போஸ்ட்டுல இந்த மாதிரிச் சத்தத்துக்கு வழி விடாதன்னு விதி போட்டாக. ஊருல நாலு திருடன் வந்தா நாப்பது பேருக்குக் கேட்டு அடைக்கிறாக, அதுதானே வழக்கம்.

“அந்த செக்போஸ்ட்டத் தொறந்து விட்டுரவா தாத்தா?”ன்ன. விட்டேன் பாரு ஒரு அதட்டு! ரவுட்டர்ல ஓட்டை போட்டு வச்சா ஒன் பொட்டலம் மட்டுமா உள்ள போகும்? மேஜிக் பாக்கெட்டுக்கு பூட்டு கெடையாது, சாவி கெடையாது. பேரு தெரிஞ்ச எவன் கூப்பிட்டாலும் அது எந்திரிச்சு வாசலுக்கு வந்து நிக்கும். சில கார்டுல ஆறு பைட்டு ரகசியச் சொல்லு வச்சுக்கலாமாம். அதையும் தெருவுல கத்தித்தான் சொல்லணும்னா அது என்ன ரகசியம்?

மலைக்கு மலையிலயே ஒரு ஆளு வேணும். டாப் ஸ்டேஷன்னு பேரு எப்பிடி வந்துச்சு? அங்கிருந்து கொட்டகுடிக்குத் தேயிலைப் பெட்டி கம்பியில தொங்கி எறங்குச்சே, அதோட மேல்முனை அது. கீழ நின்னு எம்புட்டுக் கத்துனாலும் மேல பெட்டிய மாட்ட மேல ஒருத்தன் நிக்கணுமில்ல? அதே கணக்குத்தான். ஸ்டோர்ல ராஸ்பெரி பைன்னு உள்ளங்கை அகல கம்ப்யூட்டர் ஒண்ணு வையி. அதுக்கு ஒரு சின்ன பல்பு எரியிற கரண்டு போதும். அது தூங்கவே வேண்டாம். அதுதான் ஒன் கங்காணி. கீழ இருந்து விபிஎன் வழியா, பூட்டுப் போட்ட பாதையில, அந்தக் கங்காணிய மட்டும் கூப்பிடு. “ஸ்டோர் பெட்டிய எழுப்பு”ன்னு சொல்லு. அவன் அந்தத் தெருவுல நின்னு பதினாறு தடவை கத்திக்குவான். எஸ்டேட்ல தொரையா வந்து லயத்துக் கதவத் தட்டுனாரு? கங்காணிதானே தட்டுனான். அப்பிடித்தான் செஞ்ச, ஸ்டோர் பெட்டி எந்திரிச்சிருச்சு. என் யோசனைன்னு மொதலாளிகிட்டச் சொன்னியா? சொல்லியிருக்க மாட்ட.

அடுத்த கூத்து, தானா எந்திரிக்கிறது. “யாரும் கூப்பிடவே வேண்டாம் தாத்தா, நேரம் வச்சிட்டாத் தானே எந்திரிச்சுக்கும்”ன. பெட்டிக்குள்ள எட்டணாக் காசு மாதிரி ஒரு பேட்டரி. சிஆர் 2032ன்னு பேரு. 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம், பேருக்குள்ளயே அளவு. பக்கத்துல ஒரு பளிங்குச் சில்லு, நொடிக்கு 32,768 தடவை துடிக்குது. அந்தத் துடிப்ப எண்ணிக்கிட்டே பெட்டி நேரம் பாக்குது. பயாஸ்ல இந்த நாளு, இந்த மணின்னு சொல்லி வச்சா, முழுசா அணைஞ்சிருந்தாலும் அந்த மணிக்கு எந்திரிக்கும். விண்டோஸ் உள்ளயும் டாஸ்க் ஷெட்யூலர்ல நேரம் குறிக்கலாம். ஆனா அது உறங்கிக் கெடக்குற பெட்டிக்குத்தான், அணைச்சுப் போட்டதுக்கு இல்ல. லினக்ஸ்காரவுக ஆர்டிசிவேக்னு ஒரே வரியில படுக்கையும் போட்டு முழிப்பும் வச்சிருவாக.

ஸ்டோர்ல எனக்கும் அலாரம் இருந்துச்சு. கடிகாரம் வாங்க ஏது காசு? படுக்குறதுக்கு முன்னால ரெண்டு சொம்புத் தண்ணி. சரியா ரெண்டு மணி நேரத்துல வயித்துக்குள்ள இருந்து ஆளு தட்டி எழுப்பும். எந்திரிச்சுப் போயிட்டு வரும்போது அடுப்புல ரெண்டு கட்டையத் தள்ளிட்டு, மறுபடி ரெண்டு சொம்பு. பேட்டரி மாத்துற செலவு இல்ல.

ஆனா பேராண்டி, தானா எந்திரிக்கிறதுல ஒரு தரித்திரம் உண்டு. அதுக்கு மணி தெரியும், நாளு கெழமை தெரியாது. வீரபாண்டித் திருவிழாவுக்கு ஊரே போயிருச்சு, கடைக்கு லீவு. ஏழரைக்கு எந்திரிக்கிற பெட்டியெல்லாம் சமத்தா எந்திரிச்சு, ஃபேனச் சுத்திக்கிட்டு, ஆளில்லாத நாற்காலியப் பாத்து ஒக்காந்திருந்துச்சுக. கல்யாணம் முடிஞ்ச மறுநாளு மொய் வைக்க வந்தவுக மாதிரி. நேரம் வைக்கிறவன் லீவு நாளையும் சேத்து வைக்கணும். ஒன் லேப்டாப்பு கதை அதைவிட மோசம். நடுச்சாமத்துல பையிக்குள்ள தானா முழிச்சு சுட்டுக்கிட்டுக் கெடந்துச்சே! எது எழுப்புச்சுன்னு கேக்கவும் வழி இருக்குன்னு நீதானே சொன்ன, பவர்சிஎஃப்ஜி லாஸ்ட்வேக்குன்னு. ஒன்னையும் அப்பிடிக் கேட்டுப் பாக்கணும்: ராத்திரி ஒரு மணிக்கு எது எழுப்புச்சு, செல்போனா, செல்போன்ல இருக்குற ஆளா? வேண்டாம், காப்பியக் குடி.

இதெல்லாம் நம்ம கடை வெவகாரம்னு நெனைக்காத. ஒலகமே இந்தப் பாடுதான் படுது. ஐரோப்பாக்காரவுக ரோசெட்டான்னு ஒரு கலத்த வால்வெள்ளிக்கு அனுப்புனாக. வழியில வெயிலு பத்தாது, கரண்டு பத்தாதுன்னு 2011 ஜூன்ல தூங்கப் போட்டாக. 31 மாசம்! உள்ள ஒரு கடிகாரமும் குளிரு காயக் கொஞ்சம் சூடும் மட்டும். 2014 ஜனவரி 20-ஆம் தேதி தானா முழிச்சு ‘இருக்கேன்’னு சேதி அனுப்புச்சு.

நம்மாளுக விக்ரம் லேண்டர நெலாவுல எறக்குனது 2023 ஆகஸ்ட் 23. திட்டத்த நடத்துனவரு விழுப்புரத்துக்காரரு, வீரமுத்துவேல். செப்டம்பர் 4-ஆம் தேதி தூங்கப் போட்டாக. போடும்போதே கேக்குற கருவிய மட்டும் அணைக்காம விட்டுத்தான் போட்டாக, காதத் தொறந்து வச்சு. நெலா ராத்திரி நம்ம கணக்குல பதினாலு நாளு. குளிரு சுழியத்துக்குக் கீழ நூத்துக்கணக்குல போகும். 22-ஆம் தேதி வெயிலு வந்ததும் கூப்பிட்டாக, கூப்பிட்டாக, பதிலே இல்ல. அதுக்குக் குத்தம் சொல்ல முடியாது. வந்த வேலைய முடிச்சிட்டுத்தான் படுத்துச்சு, ஒன்ன மாதிரி இல்ல. ஆனா கணக்கு ஒண்ணுதான்: கூப்பிடுறவன் எம்புட்டுக் கெட்டிக்காரனா இருந்தாலும் அங்கிட்டு ஒரு சொட்டுச் சூடு மிச்சமிருக்கணும்.

சரி, இப்ப ஒன் அஞ்சு பெட்டிக்கு வர்றேன்.

வயர மாத்துன. டிரைவர மாத்துன. சுவிட்சுப் பெட்டிய மதுரையில இருந்து புதுசா வரவழைச்ச. பேர எழுதி வச்ச சீட்ட எழுத்தெழுத்தா ஒப்பிட்டுப் பாத்த. பதினோரு நாளு. நீ பகல்ல போயிப் பாக்குறப்பல்லாம் அஞ்சும் கல்லுக்குண்டாட்டம் ஓடுது. தூங்கப் போட்டு எழுப்பிப் பாத்தா எந்திரிக்குது. விடிஞ்சா மட்டும் பொணம். பேயின்னே முடிவு கட்டிட்ட.

மத்த நாலையும் நீ சரி பண்ணுன அன்னைக்குச் சாயங்காலமே எனக்குத் தெரியும்டா. மின்மினி பாத்தேன்னேனே, அன்னைக்கு. பன்னெண்டு பச்சைப் பொட்டு இருந்துச்சு. கூட்டிப் பெருக்க வர்ற தாயி கூட்டி முடிச்சுச்சு, சாக்க ஒதறிப் போட்டுச்சு, வெளக்கமாத்த மூலையில சாத்துச்சு, முன்பக்கச் சுவத்துல இருக்குற சுவிட்சுப் போர்டுல கைய வச்சுச்சு. ‘டப்’. அஞ்சு மின்மினி செத்துச்சு. பின்பக்கத்து ஏழும் மூட்டைக்குப் பின்னால இருக்குற போர்டுல ஓடுது, கை எட்டல, அதனால பொழச்சிருச்சு. அம்புட்டுத்தான் ஒன் பேயி.

ஏன் அப்பவே சொல்லலன்னு மொறைக்காத. சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்ப? நேரா அந்தத் தாயிகிட்டப் போயிச் சத்தம் போட்டிருப்ப. நான் சத்தம் போடாமக் கேட்டேன், “ஏந்தாயி அணைக்கிற?”ன்னு. போன ஐப்பசியில இடி எறங்கி முன்பக்கத்து யுபிஎஸ் கருகிப் போச்சாம். மொதலாளிதான், ‘போகும்போது சுவிட்ச அணைச்சிட்டுப் போ’ன்னு சொல்லியிருக்காரு. சொன்னத மறந்தது அவரு, மறக்காதது அந்தத் தாயி. கம்ப்யூட்டர் படிச்ச நீ கேபிளக் கேட்ட, புக்கக் கேட்ட, பெங்களூருக் கூட்டாளியக் கேட்ட. கதவுச் சாவி யாருகிட்ட இருக்குன்னு மட்டும் கேக்கல.

இப்ப அணைக்காதன்னு சொல்லப் போறியா? வேண்டாம். இடி விழுற ஊருல பிளக்க அணைக்கிறது புத்திசாலித்தனம். மூட்டைய நகத்தி வச்சா பின்பக்கத்து ஏழுக்கும் அதே நல்லதுதான். நீ சொன்ன ஒரு சங்கதி எனக்கு ஞாபகம் இருக்கு. கரண்டு போயி வந்தா என்ன பண்ணணும்னு பயாஸ்ல ஒரு கேள்வி இருக்காம்: அணைஞ்சே கெடக்கவா, பழைய நெலமைக்குப் போகவா, எந்திரிக்கவா? மூணாவதுல வச்சிரு. காலையில ஏழு மணிக்குக் கதவத் தொறந்து மொத வேலையா அந்தத் தாயி சுவிட்ச போடும். போட்ட நிமிசத்துல அத்தனையும் எந்திரிக்கும். பொட்டலம் வேண்டாம், பதினாறு தடவை கத்த வேண்டாம். வீரபாண்டித் திருவிழாவுக்கு அந்தத் தாயியும் லீவு, பெட்டிக்கும் லீவு. நாளு கெழமை தெரிஞ்ச அலாரம் அதுதான்.

ரெண்டு எச்சரிக்கை. பகல்ல கரண்டு போயிப் போயி வந்தா அத்தனையும் விழுந்து விழுந்து எந்திரிக்கும்; அதனால நல்ல யுபிஎஸ்ஸா மாட்டு. அப்புறம், தெனம் பிளக்க அணைச்சா அந்த எட்டணா பேட்டரிதான் ராத்திரி பூராக் கடிகாரத்தச் சொமக்கணும், சீக்கிரம் தீரும். தீந்தா பெட்டி பழைய வருசத்துக்குப் போயிரும். தேதி தப்புனா இன்டர்நெட்டுல பல கதவு தொறக்காது. வெல கம்மி, ஒண்ணு ரெண்டு வாங்கி மேசையில போட்டு வையி. மலைக்கங்காணிய மட்டும் அப்பிடியே விட்டுரு, அவன் இடத்துல சாவி வச்சிருக்க ஆளு இல்ல.

மொதலாளிகிட்டப் போயி இத ஒன் யோசனைன்னே சொல்லிக்க. அதோட, அந்தத் தாயிக்கு மாசம் ஐநூறு கூட்டிக் குடுங்கன்னும் சொல்லு. பன்னெண்டு கம்ப்யூட்டரை எழுப்புற உத்தியோகம், சும்மாவா?

இன்னொண்ணும் கேட்டேன். “நீ எப்பிடித் தாயி விடியிறதுக்கு முன்னால எந்திரிக்கிற?”ன்னு. சிரிச்சுச்சு. தெருக்குழாயில தண்ணி எப்ப விடுவாகன்னு ஒரு கணக்குக் கெடையாது. ஒரு நாளு மூணு மணி, ஒரு நாளு அஞ்சு மணி. அதனால ராத்திரி படுக்கும்போதே குழாயத் தொறந்து விட்டு, கீழ வெறும் பித்தளைக் கொடத்த வச்சிட்டுப் படுத்துக்குமாம். தண்ணி வந்தா கொடத்துல ‘டண டண’ன்னு விழும், முழிப்பு வந்துரும். அது மத்த சத்தத்துக்கெல்லாம் எந்திரிக்காது. பக்கத்து வீட்டுக் கொடத்துச் சத்தம் வேறயாம், அதுக்கும் எந்திரிக்காதாம். அதுவுடைய கொடம் சொன்னாத்தான் எந்திரிக்கும்.

ஏஎம்டிக்காரனும் ஹெச்பிக்காரனும் 1995-ல கண்டுபிடிச்சதச் சொன்னியே. அதுக்கு எத்தன வருசம் முன்னால இருந்து நம்ம தெருவுல இந்தக் கொடம் இருக்குன்னு நெனைக்கிற?

சரி, எந்திரி, குளி. ஒங்க அப்பத்தாவ இன்னைக்குப் பரண்ல இருந்து பழைய கொடத்த எறக்கச் சொல்லியிருக்கேன். ஒன் கட்டிலு குழாய்க்குப் பக்கத்துல போகுது. தலைமாடு எந்தப் பக்கம்னு மட்டும் நீ சொல்லு.